நான் அனுப்பிய வாழைத்தண்டு

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டி.பார்ம் படித்தவள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் என்னுடையதுதான். அதில் ஒட்டியிருக்கும் ஒல்லிப் பெண்ணும் நான்தான் என்றால் யாரும் நம்புவதில்லை.

எனக்கு வாய் அதிகம். கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். போனை நீட்டி, "இந்தப் பொடி இருக்குதாம்மா? வீடியோவுல சொன்னாங்க" என்று கேட்டால், பொடியை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். "யாரு சொன்னாங்க? உங்களுக்கு சுகர் எவ்ளோன்னு அவருக்குத் தெரியுமா? இத யாரு சாப்புடக் கூடாதுன்னு சொன்னாரா?" கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. யார் சாப்பிடக் கூடாது என்று சொல்லாதவன் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது என் கட்சி. ஒருவருக்கு ஆகிறது இன்னொருவருக்கு ஆகாது, அதனால்தான் கடையில் இத்தனை அலமாரி, இத்தனை டப்பா. எல்லாருக்கும் ஆகும் என்று ஒருவன் சிரித்த முகத்தோடு சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளிக்கு இது பிடிக்காது. "நீ வியாபாரம் பண்றியா, பாடம் எடுக்குறியா?" என்பார். ஆனால் ஜனங்களுக்கு என் மேல் நம்பிக்கை. "நீ எடுத்துக் குடுத்தா கேக்குதும்மா, உன் கைராசி" என்று மயிலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. நான் யாருக்காவது மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இன்னொரு பெண் சும்மா நின்றாலும் அவளிடம் சீட்டைக் கொடுக்காமல் எனக்காகக் காத்திருப்பார்கள். கைராசியாவது மண்ணாவது என்று வாயால் சொல்வேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது. சொந்தக்காரர்களும் அப்படித்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, நான் "சாப்புடு" என்று சொன்ன பிறகுதான் முதல் மாத்திரையைப் பிரிப்பார்கள். டாக்டர் சொன்னது அவர்களுக்குப் பாதிதான். மீதிப் பாதி நான்.

என் தம்பி திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறான். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல், போர் கொட்டகையை ஒட்டி கொஞ்சம் வாழை, வரப்போரம் நாலைந்து தென்னை. சுகரையும் பிரஷரையும் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டவன். நான் மாத்திரையைக் கொடுத்தனுப்புவேன். அது டப்பாவோடு அலமாரி மேல் கிடக்கும். கேட்டால், "நல்லாத்தாங்கா இருக்கேன், எதுக்கு மாத்திர?" என்பான். போன தை மாதம் கால் வீங்கியது. பிறகு முகம் உப்பியது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த ரிப்போர்ட் எனக்குப் போட்டோவாக வந்தபோது கடையில் கூட்டம். கிரியாட்டினின் என்று போட்டிருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடி சின்னதாக்கிவிட்டு, எதிரே நின்ற பெரியவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன். வேறு எதையோ கொடுத்துவிட்டேன் என்று அவர் திரும்பி வந்து, "இன்னாம்மா, அழுதுகினே குடுக்குற?" என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி போய்விட்டது என்றார் டாக்டர். டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டி வரும், அதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தயார் பண்ண வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார். தம்பி அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் டயாலிசிஸ் போய் வந்துகொண்டிருந்து இரண்டே மாதத்தில் செத்துப் போனார். மெஷினில் போட்டால் முடிந்தது என்று ஊர் முழுக்க முடிவு கட்டி வைத்திருக்கிறது. "அவுரு நோவு முத்தி கடசிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனாருடா, அதனாலதான் செத்தாரு" என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "சரிக்கா" என்பான். அந்தச் சரியில் உயிர் இருக்காது.

அப்போதுதான் அந்த வாட்ஸாப் குரூப்பை ஆரம்பித்தேன். அவன் உடம்பைப் பற்றிப் பேசுவதற்காக. சித்தப்பா பிள்ளைகள், அத்தை வீட்டார், பெரியம்மா மகள் என்று என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். தம்பியைச் சேர்க்கவில்லை. பயந்த சுபாவம், ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களைப் பார்த்தால் சோறு இறங்காது என்று நானே முடிவு செய்தேன். அவன் மனைவியையும் சேர்க்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவன் சட்டைப் பையில். ரிப்போர்ட், டாக்டர் சொன்னது, அடுத்து எப்போது யார் கூடப் போவது எல்லாம் அதில்தான். அவன் உடம்பைப் பற்றி எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்ததில் பாதி அவனுக்குத் தெரியாது. இதை நான் அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு மாதம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். மதியம் கூட்டம் குறைந்ததும் கடையின் பின்பக்கம் குளுக்கோஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். கிட்னி என்று போட்டுத் தேடுவேன். ஒன்றைப் பார்த்தால் அது பத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. மூக்கிரட்டை, நெருஞ்சி, மூன்று நாளில், ஏழு நாளில், ஒரு மண்டலத்தில். கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து நான் கேட்கவில்லை. ஏதாவது ஒன்று உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று பார்த்தேன். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு முன்னால் வந்து, இன்னொருவருக்குப் பாடம் எடுப்பேன்.

ஒரு நாள் மதியம் அந்த வீடியோ வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாழைத்தோப்பில் நின்று பேசுகிறார். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. வாழைத்தண்டைச் சீவி, இடித்து, சாறு பிழிந்து காட்டினார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு, மதியம் இளநீர், ஒரு மண்டலம் குடித்தால் கிட்னி புதுசாகிவிடும், டயாலிசிஸ் வேண்டாம் என்றார். பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதரை நிறுத்தி, "இவரு மிஷின்ல இருந்தவரு" என்று தோளில் கை போட்டார். அந்த மனிதர் தலையாட்டினார். 

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்தில் கல் இருந்தால் வாழைத்தண்டுச் சாறு குடிப்பது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். அதனால் வாழைத்தண்டு என்றாலே கிட்னிக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்து எல்லோர் தலையிலும் பதிந்திருக்கிறது. கல் இருக்கும் கிட்னி வேறு, செத்துக்கொண்டிருக்கும் கிட்னி வேறு. வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. நமக்கு அது சிறுநீரில் போய்விடும். கிட்னி போனவனுக்கு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். ஏறிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

தெரிந்தும் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை, அந்த மெலிந்த மனிதர் தலையாட்டுகிற இடத்தில், ஒரு டம்ளர் கொடுத்துத்தான் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பது கூடச் சரியில்லை. ஒரு கால்மணி நேரம் நான் அதை நம்பினேன். டப்பாவில் சோறு காய்ந்து போயிருந்தது. அதைப் பார்த்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு வீடியோவைக் குரூப்பில் தட்டிவிட்டேன். கீழே குரலும் பதிவு செய்து போட்டேன். "இந்தக் கூத்தப் பாருங்க. தோப்புல நின்னுக்கினு இன்னாமா கத வுடறாரு! கிட்னி போனவனுக்கு வாழத்தண்டாம், எளநியாம். இதக் குடிச்சா டாக்டரும் வாணாம், மிஷினும் வாணாம், நேரா மேல போயிடலாம்!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மகன் "அக்கா பின்னுது" என்று எழுதினான். எனக்கும் மனசு லேசானது. முன்னால் போய் நின்று வேலையைப் பார்த்தேன்.

சித்தப்பா மகன் ஒருவன் லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் அன்று சாயங்காலம் எங்கேயோ சாமான் இறக்கும் இடத்தில் நின்று போனைப் பார்த்திருக்கிறான். வேலை அவசரத்தில் கீழே இருந்த என் குரலைத் தட்டிக் கேட்கவில்லை. வீடியோவை மட்டும் பார்த்திருக்கிறான். போட்டது யார்? அக்கா. பத்தொன்பது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிற அக்கா. பாவம், அவன் பயந்துகொண்டு கிடக்கிறானே, கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று தம்பிக்கு அதைத் தனியாக அனுப்பி, "அக்கா போட்டுது, பாரு" என்று எழுதியிருக்கிறான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் பண்ணினான் என்பதுதான். "சும்மாத்தாங்கா. கடைல வேல ஜாஸ்தியா?" என்றான். குரல் தெளிவாக இருந்தது. ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் நானே கூப்பிட்டேன். "டாக்டரு லீவாம்க்கா, அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க" என்றான். அதையும் நம்பினேன். வருகிறவன் போகிறவனையெல்லாம் யார் சொன்னது, என்ன ஆதாரம் என்று குடைகிறவள், தம்பி சொன்னதை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவன் குரலில் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக் குரூப்பில் வேறு எழுதினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, இவரு கட்டில்ல இருந்து எழுந்திருக்க முடியலங்குறாரு. காலு ரெண்டும் துணி மாதிரி தொங்குது. நெஞ்சு அடங்கி அடங்கிப் போவுதாம். எனக்குப் பயமா இருக்குது."

"காலைல இன்னா சாப்ட்டான்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்க அனுப்பன சாறுதான்."

"நான் அனுப்பன சாறா?"

"வாழத்தண்டு. ஒம்போது நாளா குடிக்கிறாரு. மத்தியானத்துல எளநி. நம்ம தோட்டத்துதுதான், நல்லா புதுசா வெட்டி..."

 கத்தினேன். இவ்வளவு சத்தமாக நான் எப்போதும் கத்தியதில்லை. "நூத்தியெட்டுக்குப் போன் போடு! ஜல்தியா போடு! ஆஸ்பத்திரில எறக்கனதும் பொட்டாசியம்னு சொல்லு. கிட்னி பேஷன்ட்டு, பொட்டாசியம் ஏறி இருக்கும்னு சொல்லு. சொல்லு பாக்கலாம்." அவள் அழுதுகொண்டே பொட்டாசியம், பொட்டாசியம் என்று சொன்னாள். கையில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

விழுப்புரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. குரூப்பைத் திறந்து அந்த வீடியோவை எல்லோருடைய போனிலிருந்தும் நீக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் நீங்கவில்லை. என் போனிலிருந்து மட்டும் நீக்கட்டுமா என்று கேட்டது. தம்பி பிழைப்பானா என்று நினைப்பதற்கு முன்னால் என் விரல் அங்கேதான் போனது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். நான் எழுந்து போய், "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே, என் தம்பிக்கு உடம்பு சரியில்ல" என்றேன். "வண்டி மேல வண்டி ஏத்திக்கினா போவ முடியும்?" என்றார். அவர் சொன்னது சரிதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடவுளே, அவனை மட்டும் விட்டுவிடு, நான் இனிமேல் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, கழுத்தில் குழாய் இறக்கி, அவசரமாக டயாலிசிஸில் போட்டிருந்தார்கள். அவன் எதற்குப் பயந்தானோ அதிலேயே. தம்பி மனைவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் நீல மையில் பொட்டாசியம் என்று எழுதியிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்தார்.

"வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னது யாரு?"

தம்பி மனைவி என்னைக் காட்டினாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. விவரம் தெரிந்த ஆள் வந்துவிட்டாள் என்கிற மாதிரி, "இவங்கதாங்க. மெடிக்கல்ல இருக்காங்க" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க ஃபார்மசிஸ்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நான் கேலிக்குத்தான் போட்டேன், குரலும் போட்டேன், அதை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேலிக்கு என்ற வார்த்தை அந்த இடத்தில் வரவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வராந்தாவில் நின்று சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "யக்கா, நீதான போட்ட?" என்றான். போனை வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரை யார் சொன்னது என்று கேட்டிருப்பேன். இதற்கு யார் சொன்னது என்று கேட்டால் பதில் நான்தான்.

தம்பி பிழைத்தான். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இனி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ், அடுத்தது நாளைக்கே, அதை விட்டால் பொட்டாசியம் மறுபடி ஏறும், இன்னொரு முறை காப்பாற்ற முடியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போனதும் மனைவியைக் கூப்பிட்டு, "துணிய எடுத்து வய்யி. வூட்டுக்குப் போலாம்" என்றான்.

"இன்னாடா சொல்ற?" என்றேன்.

"நாளு பத்தலக்கா. ஒரு மண்டலம்னு சொன்னாங்க இல்ல? ஒம்போது நாள்ல நிறுத்திட்டா எப்பிடிக் கேக்கும்? காலு வீக்கம்கூட வத்திக்கினு வந்திச்சி."

"அந்த சாறுதான்டா உன்ன இங்க கொண்டாந்து போட்டுது."

சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "டாக்டருங்க கேட்டுக்கினு இருக்காங்க. நீ அப்பிடித்தான் சொல்லணும். எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே சொன்னான். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது, சொன்னால் வேலை போய்விடும், அதனால்தான் நேராக அவனுக்கு அனுப்பாமல் சித்தப்பா மகன் மூலமாக அனுப்பியிருக்கிறேன் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். போன் பண்ணியபோது அதைப் பற்றிக் கேட்காததும் அதற்காகத்தானாம். கேட்டால் நான் இல்லை என்று சொல்ல வேண்டி வரும், எனக்கு எதற்குச் சங்கடம் என்று விட்டுவிட்டானாம். ஆபரேஷன் நாளைப் பற்றிப் பொய் சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான்.

அன்று மதியம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். பொட்டாசியம் என்றால் என்ன என்று படம் போட்டுக் காட்டினேன். கல்லுக்கு வேறு, இதற்கு வேறு என்றேன். கெஞ்சினேன். அவன் கட்டிலில் தலையை முட்டிக்கொள்வேன் என்றேன். எல்லாவற்றுக்கும் அதே சிரிப்புத்தான். நான் எவ்வளவு அழுகிறேனோ அவ்வளவு நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தான். ஒரு முறை என் கையைத் தட்டிக் கொடுத்துக்கூட, "வுடுக்கா" என்றான். உலகத்தில் அவன் ஒருத்தரைத்தான் நம்பினான், அந்த நம்பிக்கையாலேயே சாகப் போகிறான் என்று எனக்கு அப்போது உறைத்தது. டாக்டர் சொல்லி அவன் கேட்கப் போவதில்லை. நான் சொல்லியும் கேட்கப் போவதில்லை. அவன் மனைவி துணிகளைப் பையில் வைத்துவிட்டு, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனை எடுத்தேன். குரூப்பைத் திறந்தேன். மேலே தள்ளிக்கொண்டே போய் அந்த வீடியோவுக்குக் கீழே இருந்த என் குரலைத் தொட்டேன்.

சத்தம் அதிகமாக வைத்திருந்தேன் போலிருக்கிறது. தோப்பில் நின்று கதை விடுகிறார் என்று நான் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நேராக மேலே போய்விடலாம் என்றேன். பிறகு அந்தச் சிரிப்பு. அது இவ்வளவு நீளமான சிரிப்பு என்று எனக்கு ஞாபகம் இல்லை. 

தம்பி முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்னொரு வாட்டி போடு," என்றான்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இது இன்னா குரூப்பு?"

"உன் உடம்பு பத்திப் பேசறதுக்கு ஆரம்பிச்சது."

"நான் அதுல இல்லியே."

"நீ பயப்புடுவேன்னு..."

"எத்தினி பேரு?"

"பன்னெண்டு."

அவன் விரல்களை மடக்கி, யார் யாராக இருக்கும் என்று எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நானும் அத மூணு வாட்டி பாத்தேன்டா. கட பின்னால உக்காந்து பாத்தேன். உனக்கு ஒரு டம்ளர் குடுத்துப் பாக்கலாமான்னு எனக்கே தோணிச்சி. அந்தக் கோவத்துலதான் அப்பிடிச் சிரிச்சேன். உன்ன வச்சி சிரிக்கல" என்றேன். சொல்லச் சொல்ல அழுகை வந்து பாதி வார்த்தை வெளியே வரவில்லை. அவன் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் போட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்க்கா," என்றான். "நீ அதப் பத்திப் பேசனத கேட்டா யாருக்கா சிரிக்க மாட்டாங்க? பன்னெண்டு பேரும் சேந்து சிரிச்சிட்டு, குடிக்கறதுக்கு மட்டும் என்ன வுட்டுட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. மனைவியிடம் பையைக் கீழே வைக்கச் சொன்னான். அந்தப் பக்கம் வந்த நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், எனக்கு மிஷினு நாளைக்கு எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டான். காலை ஒன்பது மணி என்றார். "இந்தத் தண்ணி எவ்ளோ குடிக்கலாம்? இந்தப் பருப்பு சாப்புடலாங்களா?" என்று அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டான். பதில் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். மனைவி ஒரு பக்கம் பிடித்து அவனை உட்கார வைத்தாள். போர்வையைச் சரி செய்ய நான் இன்னொரு பக்கம் போனேன்.

"நீ இருக்கா," என்றான். "அது வந்தாப் போதும்."

அவள் நாற்காலியோடு போனாள். நான் இருந்தேன்.